அப்பலாச்சியன் ஸ்பிரிங்: பார்க்கவும் கேட்கவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்க நவீன நடனத்தை இதுவரை பார்த்திராத ஒருவர் ஒரே ஒரு படைப்பில் தொடங்க விரும்பினால், மார்த்தா கிரஹாம் நடனம் அமைத்து, ஆரன் கோப்லண்ட் இசை எழுதிய ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’கைத்தான் நான் சொல்வேன். கதை ஒரு வரிக்குள் அடங்கிவிடும்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பென்சில்வேனியா மலைப்பகுதியில், புதிதாக எழுப்பிய பண்ணைவீட்டின் முன்னால் ஓர் இளம் தம்பதி தங்கள் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். சுமார் அரை மணி நேரம் ஓடும்; மேடையில் எட்டுப் பேர் மட்டுமே; இசையும் காதுக்கு இதமானது. இத்தனை எளிமை இருப்பதாலேயே இதை மேலோட்டமாக ரசித்துவிட்டு எழுந்து போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். கச்சேரி மேடைக்காகச் சுருக்கிய இசையை மட்டும் கேட்டுக்கொண்டு, காலை வேளைக்கு ஏற்ற, கவலையற்ற இசை இது என்று நம்பியிருந்தேன். நடனத்தைப் பார்த்த அன்றுதான், அந்தக் கவலையற்ற மெட்டின் நடுவே ஒரு பிரசங்கியார் நரக பயம் காட்டி விரல் நீட்டுகிறார் என்பதும், நான் கேட்டுவந்த வடிவத்தில் அந்தப் பகுதி முழுவதும் வெட்டப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தன. அன்று முதல் இந்தப் படைப்பை நான் பார்க்கும் முறை மாறிவிட்டது. அந்த முறையைத்தான் கீழே எழுதுகிறேன்.

தலைப்பை நம்ப வேண்டாம்

இசையை எழுதி முடிக்கும்வரை கோப்லண்டுக்கு இதன் தலைப்பு தெரியாது. ‘மார்த்தாவுக்கான பாலே’ என்றே அவர் குறித்து வைத்திருந்தார். அது இன்றும் துணைத்தலைப்பாக நிலைத்திருக்கிறது. அரங்கேற்றத்துக்குச் சற்று முன்புதான், ஹார்ட் கிரேன் என்னும் கவிஞரின் கவிதையிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துக் கிரஹாம் தலைப்பாக வைத்தார். தமிழில் வசந்தம் வேறு, சுனை வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஸ்பிரிங்’ என்ற ஒரே சொல்தான். கிரேனின் வரியில் அது மலைநீர் ஊற்றைக் குறிக்கிறது. ஆகவே ‘அப்பலாச்சிய வசந்தம்’ என்று நாம் தமிழ்ப்படுத்தினால், மூலத்திலேயே நடந்த ஒரு குழப்பத்தை நிரந்தரமாக்கிவிடுகிறோம்.

கோப்லண்டின் இசையைக் கேட்கும்போது அப்பலாச்சிய மலைகள் கண்முன் தெரிகின்றன, வசந்தத்தின் வாசனை வருகிறது என்று ரசிகர்கள் அவரிடமே வந்து சொல்வார்களாம். எழுதும்போது மலையும் வசந்தமும் தம் நினைவிலேயே இல்லை என்பதை அவர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் நினைவில் இருந்தது கிரஹாம் என்ற ஆள்: கட்டுப்பாடும் எளிமையும் உறுதியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பெண். எனவே கேட்கும்போது மலைமுகட்டையும் பறவைக் குரலையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தன்னை அடக்கிக்கொண்டு நிற்கும் ஒருவரின் உடலைக் கற்பனை செய்துகொண்டு கேட்டால், இசை ஏன் இவ்வளவு இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

பதின்மூன்று கருவிகள்

எலிசபெத் ஸ்பிராக் கூலிட்ஜ் என்ற புரவலர் பெண்மணியின் நிதியில் இந்தப் படைப்பு உருவானது. இசைக்காகக் கோப்லண்டுக்குக் கிடைத்தது 500 டாலர். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குள் கூலிட்ஜின் பெயரிலேயே இருக்கும் சிறிய அரங்கில், 1944 அக்டோபர் 30 அன்று, அவருடைய எண்பதாவது பிறந்தநாளில், இது அரங்கேறியது. அறை இசைக்காகக் கட்டிய அரங்கு அது; பெரிய இசைக்குழுவை அங்கே உட்கார வைக்க இடம் கிடையாது. ஆகவே புல்லாங்குழல், கிளாரினெட், பஸ்ஸூன், பியானோ, நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ் என்று பதின்மூன்று கருவிகளுக்குள் கோப்லண்ட் இசையை அடக்கினார். இடநெருக்கடியால் வந்த இந்த ஏற்பாடுதான், என் கணிப்பில், படைப்பின் பெரிய பலம்.

மறுஆண்டு, 1945இல், கோப்லண்ட் இதைப் பெரிய இசைக்குழுவுக்கு ஏற்ப மாற்றி, நடனத்துக்கு மட்டுமே தேவைப்பட்ட பகுதிகள் என்று தாம் கருதியவற்றை நீக்கி, சுமார் 25 நிமிடக் கச்சேரி வடிவமாக்கினார். உலகம் முழுவதும் பிரபலமானது அந்த வடிவமே. அதே ஆண்டில் இந்த இசைக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. இன்று ஒலிப்பதிவைத் தேடினால் பெரும்பாலும் கையில் கிடைப்பதும் அதுதான். நான் ஏமாந்ததும் அங்கேதான். தேடும்போது இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று கருவிகளுக்கான மூல வடிவமா என்பது ஒன்று. வெட்டப்படாத முழு பாலேயா என்பது மற்றொன்று. பதின்மூன்று கருவிகளில் வாசிக்கப்பட்டிருந்தாலும் சுருக்கமான வடிவமாக இருக்கக்கூடும். கால அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: அரை மணி நேரத்தைத் தாண்டினால் முழு வடிவம்.

முதலில் காது

முதல் அமர்வில் படம் வேண்டாம். தொடக்கத்தின் சில நிமிடங்களைத் தனியாக, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். கிளாரினெட் மெல்ல ஒரு சில ஸ்வரங்களை ஏறி வைக்கிறது. மற்றக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து அதன் அருகில் நிற்கின்றன. மெட்டு என்று சொல்ல எதுவும் இன்னும் பிறக்கவில்லை. நடப்பது என்னவென்றால், இரண்டு தனித்தனி ஸ்வரக் கூட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோப்லண்ட் அடுக்குகிறார். நம் பேச்சில் சொன்னால், ஸட்ஜத்தில் எழுப்பிய கூட்டும் பஞ்சமத்தில் எழுப்பிய கூட்டும் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. இரண்டும் நெருங்கிய உறவினர்கள் என்பதால் உரசல் இல்லை. ஆனால் ஒன்று மற்றொன்றில் கரைந்துபோவதும் இல்லை. விடியும் நேரத்தில் கண்ணுக்கு ஒன்றும் முழுதாகத் தெரியாத நிலை போல, எங்கே தரை, எங்கே வானம் என்பது தீர்மானமாகாமலே இருக்கிறது.

அதன்பின் தந்திக் கருவிகள் எல்லாம் ஒரே குரலில் சட்டென்று வெடித்துக் கிளம்பும். இங்கேதான் செயல் தொடங்குகிறது. இந்த வேகப் பகுதியில் விரலால் தாளம் போட்டுப் பாருங்கள். விரல் சில இடங்களில் ஏமாறும். ஓர் எண்ணிக்கையில் போய்க்கொண்டிருப்பது முன்னறிவிப்பின்றி வேறு எண்ணிக்கைக்கு மாறும். தாளத்தைச் சரியாக எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. கால் தரையில் விழுமென்று எதிர்பார்த்த இடத்தில் விழாமல் ஒரு கணம் காற்றில் நிற்பதை உணர்ந்தால் போதும். பின்னர் நடனத்தைப் பார்க்கும்போது அந்தக் கணங்களில் உடல்கள் என்ன செய்கின்றன என்று கவனிக்க அது உதவும்.

கேட்கும்போது இன்னொன்றையும் பழகிக்கொள்ளலாம். ஸ்வரங்களுக்கு இடையே விழும் அகலமான தாவல்களைக் கவனியுங்கள். கீழே ஒன்று, மேலே தொலைவில் ஒன்று. நடுவில் நிரப்பாமல் விடப்பட்ட வெளி. பலரும் ‘அமெரிக்க நிலப்பரப்பின் ஒலி’ என்று அடையாளம் காண்பது இந்த வெளியைத்தான். புரூக்ளினில் யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்து, பாரிஸில் நாடியா பூலாஞ்ஜேயிடம் படித்துத் திரும்பிய ஒருவர் உருவாக்கிக் கொடுத்த ஒலி இது. கிராமத்து நினைவு என்று அவருக்கு எதுவும் கிடையாது. இந்தப் படைப்பில் வரும் கிராமம் முழுக்க முழுக்கக் கற்பனையால் கட்டப்பட்டது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பிறகு கண், ஒலியை அணைத்துவிட்டு

பார்ப்பதற்கு நான் பரிந்துரைப்பது 1958இல் பிட்ஸ்பர்க் தொலைக்காட்சி நிலையத்தில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை. அதில் மணப்பெண்ணாக ஆடுவது கிரஹாமே. அரங்கேற்றத்தில் ஆடியபோது அவருக்கு வயது 50. படம் எடுத்தபோது 64. முதல் சில நிமிடங்களுக்கு இந்த வயது கண்ணை உறுத்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கழிந்ததும் உறுத்தல் நின்றுவிடுகிறது; இருபது வயதுப் பெண்ணின் தவிப்பை அந்த முதுகெலும்பு வேறு யாரையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. இப்படத்துக்கு வேறொரு குறையும் உண்டு. நெருக்கக் காட்சிகளில் கேமரா ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற ஏழு பேர் சட்டகத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். அதனால் கிரஹாமின் குழு பிற்காலத்தில் மேடையில் ஆடிய பதிவு ஏதேனும் கிடைத்தால் அதையும் பார்ப்பது நல்லது.

முதல் ஐந்து நிமிடங்களை ஒலியில்லாமல் பாருங்கள். மேடையமைப்பு இசாமு நோகுச்சி என்ற சிற்பியுடையது. வீடு என்று அவர் வைத்திருப்பது ஒரு சட்டகம்: சில மெல்லிய மரத்தூண்கள், பலகைச் சுவரின் ஒரு துண்டு, ஓர் இருக்கை. ஒரு பக்கம் வேலியின் சிறு பகுதி. இன்னொரு பக்கம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை போல, பிரசங்கியார் ஏறி நிற்பதற்கான சாய்ந்த மேடை. அவ்வளவே. சுவர் இல்லாத வீட்டில் எது உள்ளே, எது வெளியே என்பதை ஆடுபவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஒருவர் அந்தத் தூண்களைக் கடக்கும்போது நடை மாறுகிறதா என்று பாருங்கள். புதுக் கணவன் அந்தப் பலகைச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கும் இடம் ஒன்று வரும்; தான் கட்டியதைத் தானே நம்ப முடியாதவன் தொட்டு உறுதிப்படுத்திக்கொள்வது போன்ற தடவல் அது. ஒரு சொல் இல்லாமல் அவன் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுடைய பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் கிரஹாம் இட்ட பெயர், கணவன் என்பதையும் உழவன் என்பதையும் ஒரே சொல்லில் சுட்டுவது.

ஆடும் நாற்காலியையும் கவனிக்க வேண்டும். கிராமத்து வீட்டு முற்றத்தில் சாய்ந்து இளைப்பாறுவதற்கான நாற்காலி அன்று இது. மெலிந்த, ஒடுங்கிய சிற்பம். அதில் உட்காருபவர் நிமிர்ந்துதான் உட்கார முடியும். முன்னோடிக் குடியேறியாக வரும் மூத்த பெண் அதில் அமர்ந்திருக்கும் விதத்திலேயே, இந்த நிலத்தில் ஓய்வு என்பது எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பது புரிகிறது.

இவ்வளவு அமெரிக்கத்தனமான மேடையை அமைத்த நோகுச்சி, அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, தாமே முன்வந்து அரிசோனா பாலைவனத்தில் போஸ்டன் (Poston) என்ற முகாமுக்குள் சென்று சில மாதங்கள் இருந்தவர். பிரசங்கியாரைப் பின்தொடரும் நான்கு பெண்களில் ஒருவராக அரங்கேற்றத்தில் ஆடிய யுரிகோவும் அப்படியொரு முகாமில் அடைபட்டு வெளிவந்தவரே. போர் முடியாத 1944இல், ‘நம் நாடு எப்படித் தொடங்கியது’ என்ற காட்சியை அந்நாடு யார் யாரைக் கொண்டு கட்டிக்கொண்டது என்பதை நினைத்துக்கொண்டு அந்த வேலியை ஒருமுறை பாருங்கள்.

உடலின் எந்தப் பகுதியைப் பார்ப்பது

பரதநாட்டியம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிரமம் வரும். கையைப் பின்தொடர்ந்துதான் நம் கண் போகும். முத்திரைக்கு ஒரு பொருள் இருக்கும், அதை வாசிக்க வேண்டும் என்று மனம் காத்திருக்கும். கிரஹாமின் நடனத்தில் அப்படி வாசிப்பதற்கான அகராதி இல்லை. அவருடைய முறையின் மையம் வயிறும் முதுகும். மூச்சு வெளியேறும்போது அடிவயிறு உள்வாங்கி, முதுகு வில்லாக வளைகிறது. மூச்சு நிறையும்போது முதுகெலும்பு நீண்டு விரிகிறது. சுருங்குதல், விடுதல் என்ற இந்த இரண்டிலிருந்துதான் மற்ற அசைவுகள் புறப்படுகின்றன. கை நீள்வதற்கு முன்பே இடுப்பிலும் வயிற்றிலும் ஏதோ ஒன்று நடந்துவிட்டிருக்கும். அந்த முந்தைய கணத்தைப் பிடிக்கக் கண்ணைப் பழக்குங்கள். மணப்பெண் மகிழ்ச்சியில் துள்ளும்போதுகூட, துள்ளலுக்கு முன்னால் ஒரு நொடி வயிறு இறுகுவதைக் காணலாம். அந்த மகிழ்ச்சியில் பயமும் கலந்திருக்கிறது என்பதை நாம் அங்கிருந்துதான் அறிகிறோம். இதே குழு 1955-56இல் ஆசியா முழுவதும் பயணம் செய்தபோது இந்தியாவிலும் ஆடியது. அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் நடனக்காரர்களின் கண் முதலில் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த ஒரு விளையாட்டு.

இனி ஒலியோடு பார்க்கலாம். ஆனால் இந்த முறையும் எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல வேண்டாம். தொடக்கத்தில் ஒவ்வொருவராக அமைதியாக நடந்து வந்து தத்தம் இடத்தில் நிற்கிறார்கள். பெரும்பாலான நேரம் எல்லாரும் மேடையிலேயே இருக்கிறார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் அசையாமல் நிற்பார்கள் அல்லது அமர்ந்திருப்பார்கள். இந்த அசைவின்மையை வெறும் காத்திருப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆடுபவருடைய மனத்தில் ஓடுவதை மற்றவர்கள் காணவில்லை என்பதற்கான ஏற்பாடு அது. நாடகத்தில் ஒரு பாத்திரம் தனக்குள் பேசிக்கொள்வதை ஒத்தது. அதனால் ஒரு முறை முழுவதையும் மூத்த பெண்ணை மட்டும் பின்தொடர்ந்து பார்த்துவிடுங்கள். இல்லாத ஒரு குழந்தையை மணப்பெண் கைகளில் ஏந்தித் தாலாட்டும் இடத்தில் அவள் முகம் எப்படி இருக்கிறது, பிரசங்கியார் சீறும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். இந்த நிலத்தில் என்னென்ன நடக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த ஒரே ஆள் அவள்.

நான்கு பெண்களின் கூட்டத்துக்கு ஒரு முறை பார்ப்பதே போதும். கை குவிப்பதும் தட்டுவதும் குதிப்பதும் மண்டியிடுவதுமாகப் பிரசங்கியாரைச் சுற்றிச் சுற்றி வரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிப்பதற்காகத்தான் கிரஹாம் அப்படி அமைத்திருக்கிறார். இசையும் அங்கே நாட்டுப்புற வயலின்காரர்களையும் ஸ்கொயர் டான்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறக் கூட்டு நடனத்தையும் நினைவூட்டும் குறும்போடு போகிறது. கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பிரசங்கியாரும் அவரைச் சுற்றிய பரவசமும் அந்நியமாகத் தோன்றாது. அகன்ற விளிம்புத் தொப்பி, விறைத்த முதுகு, உள்ளுக்குள் அடங்காத ஏதோ ஒன்று. இந்தப் பாத்திரத்தை முதலில் ஆடியவர் மெர்ஸ் கன்னிங்ஹம். இசையும் நடனமும் ஒன்றையொன்று சார்ந்திருக்கவே வேண்டியதில்லை என்று பிற்காலத்தில் இரண்டையும் முற்றாகப் பிரித்துவிட்ட அதே கன்னிங்ஹம்தான்.

எளிய மெட்டும் அதை முறிக்கும் பத்து நிமிடமும்

படைப்பின் பின்பாதியில் கிளாரினெட் தனியாக ஒரு மெட்டை வாசிக்கும். கேட்டவுடன் முனகத் தோன்றும் மெட்டு; நம் கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்களைத் தாண்டிப் போகாதது. ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’, அதாவது எளிய வரங்கள், என்ற இந்தப் பாட்டை 1848இல் மேய்ன் மாநிலத்து ஆல்ஃபிரட் என்ற ஊரில் இருந்த ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த ஜோசப் பிராக்கெட் இயற்றினார். 1940இல் வெளிவந்த, ஷேக்கர்களின் பாடல்களைத் தொகுத்த ஒரு நூலிலிருந்து கோப்லண்ட் இதை எடுத்துக்கொண்டார். இது அடிப்படையில் ஓர் ஆடல் பாட்டு. வணங்கிக் குனிவதைப் பற்றியும், திரும்பித் திரும்பிச் சரியான இடத்துக்கு வந்து சேர்வதைப் பற்றியும் அதன் சொற்களே பேசுகின்றன.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஷேக்கர்கள் துறவு வாழ்க்கை வாழ்ந்தவர்கள். அவர்களிடையே திருமணம் என்பதே கிடையாது. பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் அவர்களுக்குக் குடியிருப்பும் இருந்ததில்லை. தம் ஆராய்ச்சி போதவில்லை என்பதைக் கோப்லண்டே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆக, துறவிகளின் பாட்டு ஒரு புதுமணத் தம்பதியின் அன்றாட வேலைகளுக்குப் பின்னணியாகிவிட்டது. வரலாற்றுப் பிழை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தன்னை அடக்கிக்கொள்வதைப் பற்றிய பாட்டு, தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாத இளம் பெண்ணின் வீட்டில் ஒலிப்பது, நடனத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மெட்டைக் கோப்லண்ட் பலமுறை வேறுவேறு உடையில் கொண்டுவருகிறார். ஒருமுறை வேகமாக, ஒருமுறை இரட்டிப்பு நிதானமாகக் கீழ்க்குரலில், ஒருமுறை ஒரு கருவியை மற்றொரு கருவி துரத்துவதாக. ஸ்வரங்களை அவர் அதிகம் மாற்றுவதில்லை. யார் வாசிக்கிறார்கள், எவ்வளவு வேகம், சுற்றிலும் என்ன நடக்கிறது என்பவைதான் மாறுகின்றன. மெட்டை நீங்கள் ஒருமுறை முனகக் கற்றுக்கொண்டுவிட்டால் இதையெல்லாம் சிரமமின்றிப் பிடித்துவிடலாம்.

கச்சேரி வடிவத்தில் இந்த மாறுவடிவங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தடையின்றி வளர்ந்து, கம்பீரமான உச்சத்துக்குப் போய் நிற்கும். முழு பாலேயில் அப்படி நடப்பதில்லை. சில மாறுவடிவங்களுக்குப் பிறகு மெட்டு முறிகிறது. வெளிச்சம் குறைந்தாற்போல இசை இருண்டு கடினமாகிறது. பிரசங்கியார் தனியாக ஆடத் தொடங்குகிறார். சற்று முன் நாம் சிரித்த அதே மனிதர், தாவல்களும் நடுக்கங்களுமாக, நியாயத்தீர்ப்பு நாளை இந்தப் புது வீட்டு முற்றத்திலேயே இறக்கிவிடுகிறார். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே அதுவரை இல்லாத ஒரு தூரம் விழுகிறது. மணப்பெண்ணின் பதில் ஆட்டத்தில் வேகம் இருக்கிறது, திசை இல்லை.

இந்த இசை இங்கே எப்படி வந்தது என்பது தெரிந்தால் பார்வை இன்னும் கூர்மையாகும். கிரஹாம் முதலில் கோப்லண்டுக்கு அனுப்பிய கதைக்குறிப்புகளில் உள்நாட்டுப் போரின் நிழல் இருந்தது. தப்பியோடி வரும் ஓர் அடிமையும், ஒரு பூர்வகுடிப் பெண்ணும் இருந்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துக் கோப்லண்ட் இசையை எழுதி முடித்தார். இசை கைக்கு வந்தபின் கிரஹாம் நடனத்தை அமைக்கும்போது அந்தப் பாத்திரங்கள் மறைந்துபோனார்கள். அவர்களுக்காக எழுதிய கலவரமான இசை மட்டும் தங்கிவிட்டது. ஒரு செயலுக்காக எழுதிய இசையில் வேறொரு செயல் நடப்பதை ஒத்திகையில் பார்த்துக் கோப்லண்ட் வியந்தாராம், அதற்காக வருந்தவில்லை. நான் அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம், பிரசங்கியாரின் ஆட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகமான பயம் இசையில் இருப்பதாக உணர்கிறேன். நிலம் யாருடையதாக இருந்தது, யாருடைய உழைப்பில் நாடு நின்றது என்ற கேள்விகள் மேடையை விட்டுப் போய்விட்டன. அவற்றின் ஓசை போகவில்லை.

இந்தப் பத்து நிமிடத்தைக் கடந்துதான் எளிய மெட்டு மீண்டும் வருகிறது. ஸ்வரங்கள் பழையவையே. அதைக் கேட்கும் நம் காது பழையதாக இல்லை. நடனத்தையும் இசையையும் ஒன்றாகப் பார்ப்பதால் கிடைப்பது என்ன என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு திரும்பலைத்தான் சுட்டுவேன். ஒலிப்பதிவும் ஒலியற்ற காட்சியும் தனித்தனியாக இதைத் தர முடியாது.

கடைசி ஐந்து நிமிடம்

அதன்பிறகு இசை தணிகிறது. பிரார்த்தனை போன்ற ஒரு மென்மையான பகுதியில் மற்றவர்கள் விடைபெற்று விலக, தொடக்கத்தில் கேட்ட அந்தத் தெளிவற்ற விடியல் ஒலி திரும்புகிறது. மணப்பெண் இப்போது ஆடும் நாற்காலியில், மூத்த பெண் உட்கார்ந்திருந்த அதே ஒடுங்கிய இருக்கையில், உட்காருகிறாள். கணவன் அவளுக்குப் பின்னால் நின்று தோளில் கை வைக்கிறான். அவள் கையை முன்னால், தொலைவை நோக்கி நீட்டுகிறாள். முதல்முறை பார்த்தபோது இதை நான் இன்பமான முடிவு என்று குறித்துக்கொண்டேன். இப்போது பார்க்கும்போது அந்தக் கை எதையோ சுட்டுகிறதா, வரவேற்கிறதா, தடுக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வேறுவேறாகத் தோன்றுகிறது. இந்த இடத்தில் அவளுடைய கையை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். நாற்காலி அவளைச் சாய விடவில்லை.

ஓரிரு நாட்கள் கழித்து, கச்சேரி வடிவத்தைத் திரும்பவும் கேளுங்கள். கிளாரினெட் மெட்டைத் தொடங்கும், மாறுவடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எதுவும் குறுக்கிடாது. குறுக்கிட வேண்டிய இடத்தில் உங்கள் காது தானாகவே ஒரு கணம் தயங்கி, தொப்பி அணிந்த அந்த மனிதருக்காகக் காத்திருக்கும்.